நோட்டாம்: விமானிக்குப் போகும் எச்சரிக்கையும் அதைத் திருத்த வந்த சட்டங்களும்

வங்கக் கடலில் ஏவுகணைச் சோதனை என்றாலும் சரி, ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுவதென்றாலும் சரி, சில நாள் முன்பே செய்திகளில் ‘நோட்டாம் வெளியிடப்பட்டது’ என்று ஒரு வரி வந்துவிடும். நம்மில் பலர் இந்தச் சொல்லைக் கேள்விப்பட்டதே அப்படித்தான். அதனால் இது ராணுவம் சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று என்ற எண்ணம் பலருக்கு உண்டு. உண்மையில் நோட்டாம் என்பது உலகத்தில் விமானம் ஓட்டும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் படித்தாக வேண்டிய அறிவிப்பு. அதைச் சரியாக எழுதாததால், சரியாகக் கொண்டுசேர்க்காததால் பெரும் விபத்துகளின் விளிம்புவரை விமானங்கள் போயிருக்கின்றன. அமெரிக்க நாடாளுமன்றம் இதற்காகவே இரண்டு முறை சட்டம் போட்டிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே அடிப்படையிலிருந்து பார்க்கப்போகிறோம்.

முதலில், நோட்டாம் என்றால் என்ன? விமானியிடம் வரைபடங்களும் கையேடுகளும் இருக்கும். எந்த விமான நிலையத்தில் எத்தனை ஓடுபாதை, எவ்வளவு நீளம், எந்த அலைவரிசையில் பேச வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. ஆனால் இன்றைக்கு ராத்திரி அந்த ஓடுபாதையில் தார் போடுகிறார்கள் என்பது கையேட்டில் இருக்காது. ஓடுபாதையோர விளக்குகள் எரியவில்லை, பக்கத்தில் புதிதாக ஒரு கிரேன் நிறுத்தியிருக்கிறார்கள், ஜிபிஎஸ் சிக்னல் சரியாகக் கிடைக்காமல் போகலாம், இந்தப் பகுதி வானவெளி மூன்று மணி நேரம் மூடப்பட்டிருக்கும். இப்படித் தற்காலிகமாக மாறியிருக்கும் விஷயங்களைச் சொல்வதுதான் நோட்டாம். இந்தியாவில் இந்திய விமான நிலைய ஆணையம் வெளியிடுகிறது. அமெரிக்காவில் எஃப்ஏஏ எனப்படும் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம். கப்பல் மாலுமிகளுக்கு அனுப்பிவந்த எச்சரிக்கைகளைப் பார்த்து உருவான ஏற்பாடு இது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, அதாவது ஐகாவோ, தன் 15ஆவது இணைப்பில் இதற்கான பொது விதிகளை வைத்திருக்கிறது. ஆகவே சென்னையில் வெளியாகும் நோட்டாமும் சான்பிரான்சிஸ்கோவில் வெளியாகும் நோட்டாமும் கிட்டத்தட்ட ஒரே அச்சில்தான் இருக்கும்.

அந்த அச்சில்தான் சிக்கலே.

ஒரு நோட்டாமை அருகில் வைத்துப் பார்த்தால்

தந்தி அச்சு இயந்திரக் காலத்தில் பிறந்த வடிவம் இது. ஒவ்வோர் எழுத்துக்கும் காசு, நேரம். அதனால் எல்லாம் சுருக்கம், எல்லாம் ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள். சர்வதேச நோட்டாமில் முதலில் ஒரு வரிசை எண். அடுத்து ‘கியூ’ வரி. அதில் எந்த வானவெளிப் பகுதி, என்ன விஷயம், யாருக்குப் பொருந்தும், எந்த உயரத்திலிருந்து எந்த உயரம்வரை, அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் சாய்கோடு போட்டுக் கோத்திருக்கும். என்ன விஷயம் என்பதையும் ஐந்து எழுத்துக் குறியீடாகத்தான் தருவார்கள். ‘கியூஎம்ஆர்எல்சி’ என்று இருந்தால், நடுவில் உள்ள ‘எம்ஆர்’ ஓடுபாதையைக் குறிக்கும், கடைசி ‘எல்சி’ மூடப்பட்டது என்று பொருள். அப்புறம் ‘ஏ’ வரியில் இடம்; சென்னை விமான நிலையம் என்றால் ‘விஓஎம்எம்’. ‘பி’ வரியில் தொடங்கும் நேரம், ‘சி’ வரியில் முடியும் நேரம். ‘இ’ வரியில்தான் விஷயமே வரும், அதுவும் உயிரெழுத்துகளைக் கழித்துவிட்ட சுருக்கங்களில்.

நேரத்தை எழுதும் முறையைக் கொஞ்சம் கவனியுங்கள். சான்பிரான்சிஸ்கோவில் 2017 ஜூலை 7 இரவு 11 மணி. இதை நோட்டாமில் எழுதினால் 1707080600. ஆண்டு, மாதம், தேதி, மணி, நிமிடம், எல்லாம் இடைவெளியில்லாமல், உலகப் பொது நேரத்தில். உள்ளூரில் இன்னும் 7ஆம் தேதி முடியவில்லை, காகிதத்தில் 8ஆம் தேதி காலை 6 மணி ஆகிவிட்டது. பயிற்சி பெற்ற விமானி இதை மனதுக்குள் மாற்றிக்கொள்வார். அதில் சந்தேகமில்லை. ஆனால் இப்படிப்பட்ட நோட்டாம் ஒன்றிரண்டு அல்ல. ஒரு நீண்ட பயணத்துக்குப் புறப்படும் இடம், சேரும் இடம், மாற்று விமான நிலையங்கள், வழியில் உள்ள வானவெளிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பக்கம் பக்கமாக வரும். விமானத்தில் ஏறுவதற்கு முன் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில், வானிலை அறிக்கையோடும் எரிபொருள் கணக்கோடும் சேர்த்து அதையும் படித்து முடிக்க வேண்டும்.

மேலே உதாரணமாகத் தந்த தேதியும் நேரமும் சும்மா தேர்ந்தெடுத்தவை அல்ல. அந்த இரவு 11 மணிக்குத்தான் சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் 28 இடது என்ற ஓடுபாதை மூடப்பட்டது.

ஏர் கனடா 759

சான்பிரான்சிஸ்கோவில் 28 இடது, 28 வலது என்று இரண்டு ஓடுபாதைகள் பக்கத்துப் பக்கத்தில் இணையாக ஓடுகின்றன. வலது ஓடுபாதைக்கும் வலப்பக்கத்தில், அதற்கு இணையாக, ‘சி’ என்ற டாக்ஸிவே. புறப்படக் காத்திருக்கும் விமானங்கள் ஊர்ந்து வந்து நிற்கும் பாதை அது.

டொரன்டோவிலிருந்து 140 பேரோடு வந்துகொண்டிருந்தது ஏர் கனடாவின் ஏ320 விமானம். நள்ளிரவு நெருங்குகிறது. 28 வலதில் இறங்க அனுமதி கிடைத்திருக்கிறது. இடது ஓடுபாதை மூடியிருந்ததால் அதன் விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. விமானிகள் எதிர்பார்த்தது இணையாக ஒளிரும் இரண்டு ஓடுபாதைகளை. கண்ணில் பட்டதும் இரண்டு ஒளிப்பாதைகள்தான்: ஒன்று 28 வலது, இன்னொன்று டாக்ஸிவே. இடப்பக்கம் தெரிந்ததை 28 இடது என்று எடுத்துக்கொண்டு, வலப்பக்கம் இருந்ததை நோக்கி இறங்கினார்கள். அங்கே நான்கு பயணிகள் விமானங்கள் எரிபொருள் நிரம்பிய நிலையில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

ஓடுபாதையில் விளக்குகள் தெரிகின்றனவே என்று விமானிகளே கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் கேட்டார்கள். 28 வலதில் யாருமில்லை என்று பதில் வந்தது. அது உண்மையும்கூட. வரிசையில் முதலில் நின்ற யுனைடெட் விமானத்தின் விமானி வானொலியில், இவர் எங்கே போகிறார், டாக்ஸிவேக்கு மேலே அல்லவா வருகிறார் என்று குரல் கொடுத்தார். இரண்டாவதாக நின்ற பிலிப்பைன்ஸ் ஏர்லைன்ஸ் விமானத்தில் இறங்குவிளக்குகளைப் போட்டார்கள். கடைசி நொடியில் ஏர் கனடா விமானிகள் விமானத்தை மேலே தூக்கினார்கள். தரையிலிருந்து சுமார் 60 அடி உயரம்வரை இறங்கிவிட்டுத்தான் அது மேலேறியது. ஐந்து விமானங்களிலும் சேர்த்து ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இடது ஓடுபாதை மூடியிருக்கிறது என்ற நோட்டாம் அவர்களிடம் இருந்ததா? இருந்தது. 27 பக்கப் பயணக் கோப்பில் 8ஆவது பக்கத்தில். இறங்குவதற்கு முன் விமானத்துக்கு வந்த தகவலிலும், ஒரு நீண்ட பத்தியின் கடைசிப் பகுதியில் அது இருந்தது. கேப்டன் பத்தொன்பது மணி நேரத்துக்கும் மேலாக விழித்திருந்தவர். தகவலைப் படித்ததாகச் சொன்னார். ஆனால் தேவைப்பட்ட அந்த நொடியில் அது நினைவில் நிற்கவில்லை.

களைப்பு, ஓடுபாதைக்கு வழிகாட்டும் கருவியின் உதவியைப் பயன்படுத்தாமல் விட்டது என்று இந்தச் சம்பவத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. விமானிகளின் பிழையை யாரும் மறைக்கவில்லை. ஆனால் விசாரித்த அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அதோடு நிற்காமல் அந்தக் காகிதத்தையும் கையில் எடுத்துப் பார்த்தது. 2018 செப்டம்பரில் நடந்த அமர்வில், அப்போதைய தலைவர் ராபர்ட் சம்வால்ட், நோட்டாம்கள் யாரும் கவனிக்காத குப்பைக் குவியலாகிவிட்டன என்று வெளிப்படையாகவே சொன்னார். ஒரு அரசு விசாரணை அமைப்பின் தலைவர் இன்னொரு அரசு அமைப்பின் வேலையைப் பற்றி இப்படிப் பேசுவது சாதாரணமல்ல. மனிதர்கள் எப்படிக் கவனிக்கிறார்கள், எங்கே தவறுகிறார்கள் என்று ஆராயும் மனிதக் காரணி வல்லுநர்களைக் கொண்ட குழு ஒன்று அமைத்து, விமானிக்குத் தகவலை எப்படி வரிசைப்படுத்தி, எதை முன்னால் வைத்துக் கொடுத்தால் அது மனதில் தங்கும் என்று ஆராய வேண்டும் என வாரியம் எஃப்ஏஏவுக்குப் பரிந்துரைத்தது. பின்னாளில் வந்த சட்டத்தின் கரு இந்தப் பரிந்துரைதான்.

குவியல் ஏன் உருவாகிறது

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தை நினைத்துப் பாருங்கள். வரக்கூடிய அத்தனை பக்கவிளைவும் பொடி எழுத்தில் இருக்கும். நாளைக்கு யாராவது கேட்டால் ‘சொல்லியிருந்தோமே’ என்று காட்ட அது உதவும். நோட்டாமும் அப்படித்தான் ஆகிவிட்டது. விமான நிலையத்துக்குப் பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு கோபுரத்தின் உச்சி விளக்கு எரியவில்லை என்றால் அதற்கும் நோட்டாம். பெரிய விமானங்கள் ஒருபோதும் போகாத ஒரு மூலையில் புல் வெட்டுகிறார்கள் என்றால் அதற்கும் நோட்டாம். வெளியிடாமல் விட்டால் பொறுப்பு வெளியிட வேண்டியவர் தலையில் விழும். வெளியிட்டுவிட்டால் பொறுப்பு விமானியின் தலைக்கு மாறிவிடும். ஏனென்றால் அமெரிக்க விமான விதிகளின் 91.103ஆவது பிரிவு, பயணம் பற்றிக் கிடைக்கும் எல்லாத் தகவலையும் கேப்டன் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்கிறது. எல்லாம் என்றால் எல்லாம்தான்.

எனக்கு இதில் உள்ள அநியாயம் தெளிவாகத் தெரிகிறது. எழுதுகிறவருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம் என்ற சுதந்திரம். படிக்கிறவருக்கு ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது என்ற கடமை. இப்படி ஒருபக்கமாகச் சாய்ந்த ஏற்பாட்டில் குவியல் வளராமல் என்ன செய்யும்?

இன்னொரு காரணம், பழசை யாரும் அகற்றுவதில்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் விஷயத்தை நோட்டாமாக வைத்திருக்கக் கூடாது, கையேட்டிலோ அதன் துணை இதழிலோ சேர்த்துவிட வேண்டும் என்பது ஐகாவோவின் நெறி. ஆனாலும் அதையும் தாண்டிக் கிடக்கும் பழைய நோட்டாம்கள் உலகம் முழுக்க ஏராளம். ஐகாவோ தனியாக ஓர் இயக்கமே நடத்த வேண்டியிருந்தது.

குவியல் ஒரு பக்கம் என்றால், வந்து சேராத அறிவிப்பு இன்னொரு பக்கம். 2006 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவின் லெக்சிங்டனில் கோமேர் 5191 விமானம் தவறான, குட்டையான ஓடுபாதையில் ஏறிப் புறப்பட முயன்று விழுந்தது. 49 பேர் இறந்தார்கள். டாக்ஸிவே ஒன்று மூடப்பட்டிருந்தது பற்றிய உள்ளூர் நோட்டாம் அந்த விமானிகளின் காகிதங்களில் இல்லை. விபத்துக்கு முதன்மைக் காரணம் அதுவல்ல. விமானிகள் எந்த ஓடுபாதையில் நிற்கிறோம் என்று சரிபார்க்கவில்லை என்பதே. ஆனாலும் பாதை மாறியிருந்த ஒரு விடியற்காலையில், மாறியிருக்கிறது என்ற செய்தி அவர்களிடம் போகவில்லை என்பதைச் சின்ன விஷயமாகத் தள்ளிவிட முடியாது.

அப்புறம், அறிவிப்பு கிடைத்தும் காரணம் சொல்லப்படாத நிலை. 2014 ஜூலையில் கிழக்கு உக்ரைனின் வானவெளி 32,000 அடிவரை மூடப்பட்டதாக நோட்டாம் வந்தது. மலேசியாவின் எம்ஹெச்17 விமானம் 33,000 அடியில், அதாவது விதிப்படி திறந்திருந்த வானத்தில், போய்க்கொண்டிருந்தபோது ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. 298 உயிர்கள். அந்தக் கட்டுப்பாட்டுக்கான உண்மையான காரணத்தை நோட்டாம் விளக்கவில்லை என்பதை டச்சுப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை சுட்டிக்காட்டியது. ‘இந்த உயரம்வரை வராதே’ என்பதற்கும், ‘இங்கே பெரிய உயரத்தை எட்டும் ஆயுதங்களோடு போர் நடக்கிறது’ என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம்! இரண்டாவது வகையில் எழுதியிருந்தால் எத்தனை நிறுவனங்கள் வேறு வழியில் போயிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அறிவிப்பு மட்டுமே எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2000 அக்டோபர் 31 அன்று தைபேயில் புயல் மழையில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்கியூ006 விமானம், கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்த ஓடுபாதையில் தவறுதலாக ஏறி, அங்கிருந்த கருவிகளில் மோதியது. 83 பேர் இறந்தார்கள். அந்த ஓடுபாதை மூடியிருக்கும் நோட்டாம் விமானிகளுக்குத் தெரியும். தெரிந்தே இருந்தும் தாங்கள் நிற்பது அதில்தான் என்று தெரியவில்லை. ஆகவே பலகை, விளக்கு, தடுப்பு என்று தரையில் செய்ய வேண்டியதற்கு நோட்டாம் ஒருநாளும் மாற்று ஆகாது.

சட்டம் எங்கே வருகிறது

இது விமானத் துறையின் உள்விவகாரம்தானே, நாடாளுமன்றம் எதற்கு என்று கேட்கலாம். எஃப்ஏஏ தானாகவே திருத்திக்கொள்ளலாம்தான். ஆனால் பணமும் ஆளும் எங்கே ஒதுக்கப்படும் என்பது எது கட்டாயம் என்பதைப் பொறுத்தது. பரிந்துரைக்குக் கெடு கிடையாது. சட்டத்துக்கு உண்டு. பரிந்துரையைத் தள்ளிப்போட்டால் ஒரு கடிதம் எழுதினால் போதும். சட்டத்தைத் தள்ளிப்போட்டால் நாடாளுமன்றக் குழுவின் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

முதல் சட்டம் வந்த கதை வேடிக்கையானதும் வருத்தமானதும். ஒக்லஹோமாவின் செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப் பல்லாண்டு அனுபவமுள்ள விமானி. 2010 அக்டோபரில் தன் சிறிய விமானத்தில் டெக்சாஸின் தென்கோடியில் உள்ள ஒரு சிறு விமான நிலையத்தில் இறங்கினார். அந்த ஓடுபாதை மூடியிருந்தது. மேலே பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தது, பணியாளர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர் நோட்டாமைப் பார்த்திருக்கவில்லை. எஃப்ஏஏ அவரை மறுபயிற்சிக்கு அனுப்பியது. அதன் பிறகு அவர் முன்னின்று கொண்டுவந்ததுதான் 2012 ஆகஸ்ட் 3 அன்று சட்டமான விமானிகள் உரிமைச் சட்டம். நடவடிக்கைக்கு உள்ளாகும் விமானிக்குத் தன்மீதான சான்றுகளைப் பார்க்கும் உரிமையை அது தந்தது. கூடவே நோட்டாம் சீரமைப்புத் திட்டம் ஒன்றை 180 நாட்களுக்குள் தொடங்கச் சொன்னது. விமானிமேல் கொட்டப்படும் நோட்டாம்களின் அளவைக் குறைப்பது, போகும் வழிக்குப் பொருந்துவதை மட்டும் வடிகட்டித் தருவது, எளிதில் தேடக்கூடிய வடிவில் வைப்பது என்பவை அதன் நோக்கங்கள்.

ஓடுபாதையில் நின்ற பணியாளர்களின் இடத்திலிருந்து பார்த்தால் இந்தச் சட்டத்தின் பிறப்பு நெருடலாகத்தான் இருக்கிறது. தவறாக இறங்கியவருக்குச் சட்டம் கொண்டுவரும் அதிகாரம் இருந்தது. சாதாரண விமானிக்கு அது இல்லை. ஆனாலும் சட்டத்தில் எழுதப்பட்டிருந்த தேவைகள் நியாயமானவை என்றே நினைக்கிறேன். அவை முழுமையாக நிறைவேறியிருந்தால் ஐந்து ஆண்டு கழித்து அந்த 27 பக்கக் கோப்பு அப்படி இருந்திருக்காது. சில வசதிகள் வந்தன. குவியல் அப்படியே இருந்தது.

சான்பிரான்சிஸ்கோ சம்பவத்துக்குப் பிறகு மின்னசோட்டாவின் பீட் ஸ்டாபர், கலிஃபோர்னியாவின் மார்க் டிசோனியர் என்ற இரண்டு பிரதிநிதிகள், இருவேறு கட்சிக்காரர்கள், சேர்ந்து நோட்டாம் மேம்பாட்டு மசோதாவைக் கொண்டுவந்தார்கள். டிசோனியரின் தொகுதி சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில்தான் இருக்கிறது. பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் செனட்டில் அது நகரவில்லை. பேரழிவு நடக்காமல் தப்பிய சம்பவங்களுக்கு அரசியலில் எடை குறைவு.

நகர்த்தியது வேறொன்று. 2023 ஜனவரி 10 இரவு எஃப்ஏஏவின் நோட்டாம் கணினி அமைப்பு படுத்துவிட்டது. பழைய அமைப்பு அது. அசல் தரவுத்தளத்தையும் மாற்றுத் தரவுத்தளத்தையும் ஒத்திசைக்கும் வேலையில் இருந்த ஒப்பந்தப் பணியாளர்கள் தெரியாமல் சில கோப்புகளை அழித்துவிட்டார்கள். சிதைந்த தரவு இரண்டு இடத்துக்கும் போய்விட்டது. ராத்திரி தொலைபேசி வழியாக நோட்டாம்களைச் சொல்லிச் சமாளித்தார்கள். காலையில் போக்குவரத்து பெருகியதும் அது முடியவில்லை. 11ஆம் தேதி காலை நாடு முழுவதும் உள்நாட்டு விமானங்கள் புறப்படுவதை ஒன்றரை மணி நேரம்போல நிறுத்திவைத்தார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு இப்படி நாடு தழுவி நின்றது அதுவே முதல்முறை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து, பல ஆயிரம் விமானங்கள் தாமதம். அடுத்த மாதம் செனட் குழுவின் முன் வந்த எஃப்ஏஏவின் அப்போதைய பொறுப்புத் தலைவர் பில்லி நோலன், இனி மாற்றுத் தரவுத்தளம் ஒரு மணி நேரம் பின்தங்கியே ஒத்திசைக்கப்படும், பராமரிப்பு வேலையில் ஒருவர் மட்டும் இருக்க மாட்டார் என்று விளக்கினார்.

நிறுத்தம் நடந்து இரண்டே வாரத்தில், ஜனவரி 25 அன்று, பிரதிநிதிகள் சபை மசோதாவை 424க்கு 4 என்று நிறைவேற்றியது. செனட்டில் ஏமி குளோபுச்சார், ஜெர்ரி மோரன் போன்றோர் முன்னெடுத்தார்கள். 2023 ஜூன் 3 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்டார்.

சட்டம் சொல்வது இரண்டு வேலைகள். ஒன்று, எஃப்ஏஏ ஒரு பணிக்குழு அமைக்க வேண்டும். அதில் விமான நிறுவனங்கள், விமான நிலையங்கள், விமானிகளின் சங்கம், பயணத் திட்டமிடும் டிஸ்பாட்சர்கள், சிறிய விமானம் ஓட்டுவோர், மனிதக் காரணி வல்லுநர்கள், கணினிக் கட்டமைப்பு தெரிந்தவர்கள் ஆகியோரின் பிரதிநிதித்துவம் இருக்க வேண்டும். தகவலை எப்படி ஒழுங்குபடுத்தி, எதற்கு முன்னுரிமை கொடுத்து, எப்படிக் காட்டினால் விமானி படித்து நினைவில் வைத்துக்கொள்வார் என்று அவர்கள் சொல்ல வேண்டும். பாதுகாப்பு வாரியம் 2018இல் கேட்டது கிட்டத்தட்ட அதே சொற்களில் இங்கே கட்டாயமாகிவிட்டது. இரண்டாவது, 2024 செப்டம்பர் 30க்குள் புதிய நோட்டாம் அமைப்பும், அது விழுந்தால் கைகொடுக்க ஒரு மாற்று அமைப்பும் வேண்டும்.

எனக்கு இந்த இரண்டில் முதலாவதுதான் முக்கியமாகப் படுகிறது, செய்திகளில் அடிபட்டது இரண்டாவது என்றாலும். கணினி படுத்தால் விமானங்கள் தரையில் நிற்கும், பயணிகள் அவதிப்படுவார்கள், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. கணினி நன்றாக ஓடிக்கொண்டு, 27 பக்கங்களைச் சரியான நேரத்தில் அனுப்பிக்கொண்டிருந்த இரவில்தான் ஆயிரம் பேர் பிழைத்தது கடைசி நொடியில். வேகமான இயந்திரம் குவியலை வேகமாகக் கொண்டுசேர்க்கும், அவ்வளவுதான். சட்டத்தில் மனிதக் காரணி வல்லுநர் என்ற சொல் இருப்பது அதனால்தான் பெரிய விஷயம். எச்சரிக்கையின் தரத்தை, அது வெளியானதா என்பதை வைத்து அளக்காமல், களைத்துப்போன ஒரு மனிதரின் நினைவில் நின்றதா என்பதை வைத்து அளக்கச் சொல்கிறது அது.

தொழில்நுட்பம் இதற்கு உதவத்தான் செய்யும். நோட்டாம் வெறும் எழுத்துவரியாக இருக்கும்வரை கணினியால் அதை நம்பகமாக வடிகட்ட முடியாது. எந்த ஓடுபாதை, எந்த நேரம், எந்த உயரம் என்பது தனித்தனிப் புலங்களில் இருந்தால், மூடிய ஓடுபாதையை வரைபடத்திலேயே சிவப்பாகக் காட்டலாம், உயரப் பறக்கும் ஜெட்டுக்குக் கிரேன் செய்திகளைப் பின்னுக்குத் தள்ளலாம், எரியாத கோபுர விளக்கையும் மூடிய ஓடுபாதையையும் ஒரே வரிசையில் நிறுத்தாமல் இருக்கலாம். இதற்கான தரவு வடிவத்தை எஃப்ஏஏவும் ஐரோப்பாவின் யூரோகன்ட்ரோலும் சேர்ந்தே உருவாக்கியிருக்கின்றன. தேவைப்பட்டது அதைக் கட்டாயமாக்கும் ஒரு கை.

சட்டம் சொன்ன கெடு தவறிப்போனது. 2025 பிப்ரவரி 1 அன்று பழைய அமைப்பு மறுபடியும் சில மணி நேரம் செயலிழந்தது. இந்த முறை மாற்று அமைப்பு இருந்ததால் நாடு நிற்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் புதிய நோட்டாம் மேலாண்மைச் சேவையை முதலில் குறிப்பிட்ட சில பயனாளர்களுக்குத் திறந்து, மற்றவர்களைப் படிப்படியாக அதற்கு மாற்றும் வேலையை எஃப்ஏஏ தொடங்கியது.

இனி ஒரு சட்டம் வந்தால் அதில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டால், என் பதில் வெளியிடுபவரின் கடமையைப் பற்றியது. காலாவதியான நோட்டாமை அகற்றாமல் விட்டால் அதற்கு வெளியிட்டவர் பதில் சொல்ல வேண்டும். மூடப்பட்ட ஓடுபாதை, மூடப்பட்ட வானவெளி போன்றவை கோப்பின் முதல் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். வானவெளியை மூடினால் காரணத்தை ஒரு வரியில் சொல்ல வேண்டும். எந்தப் புதிய கணினியும் இல்லாமலே, நாளைக்கே தொடங்கக்கூடிய வேலைகள் இவை. அமெரிக்காவுக்கு மட்டும் அல்ல, நோட்டாம் வெளியிடும் எந்த நாட்டுக்கும் பொருந்தும்.